ரவுண்டு ஓடினால் வேகம் வராது

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

நாலு மாசம் முன்னாடி ஒரு பையன் அப்பாவோட என் கிளினிக்குக்கு வந்தான். 19 வயசு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ரக்பி ஆடுகிறவன். வலது தொடையின் பின்பக்கத்தைக் கையால் பிடித்தபடி நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான். இந்தப் பிரச்சினைக்காக நான் அவனைப் பார்ப்பது அது மூன்றாவது முறை. மூன்று முறையும் அதே கால், அதே இடம்.

அப்பாதான் பேசினார். "டாக்டர், ஜிம்முக்குப் போய் நெஞ்சு, தோள், தொடை எல்லாம் நல்லா ஏத்திட்டான். ஆனா வேகமா ஓடினா மட்டும் கால் பிடிச்சுக்குது. இன்னும் இருபது நாள்ல ஸ்டேட் செலக்‌ஷன். ஏதாவது ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்களேன்."

ஊசி கதைக்கு அப்புறம் வரேன். அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான். "தம்பி, வாரம் முழுக்க என்னென்ன பயிற்சி பண்றீங்க? வரிசையா சொல்லு."

சொன்னான். காலையில் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு. லேட்டா வந்தா இன்னும் ஐந்து. அப்புறம் தண்டால், பஸ்கி. அப்புறம் பந்து பாஸ், டேக்கிள். எல்லாம் முடிந்து கால் துவண்டு போன பிறகு, கடைசியாக "ஸ்பிரின்ட்". 100 மீட்டர் பத்து தடவை. போய்த் திரும்பி வந்ததும் அடுத்த விசில்.

"சரி. முழு வேகத்துல, அதாவது இதுக்கு மேல முடியாதுங்கிற வேகத்துல, கடைசியா எப்ப ஓடின?"

"மேட்ச்ல சார்."

"பயிற்சியில?"

யோசித்தான். அப்பாவைப் பார்த்தான். பதில் வரவில்லை.

அந்தப் பதில் வராத இடத்தைப் பற்றித்தான் இந்த இழை. என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். நம்ம ஊரில் வேகப் பயிற்சி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி களைப்புப் பயிற்சி. அதில் பையன்கள் வேகமாவதில்லை. போதாததற்கு, வேகத்தால் வரும் காயத்துக்கு அவர்களை நாமே தயார் செய்து அனுப்புகிறோம். இதில் என் பங்கும் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

ரக்பி பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னாலும் பக்கவாட்டிலும்தான் பாஸ். முன்னேற வேண்டுமானால் பந்தோடு ஓட வேண்டும், இல்லை உதைக்க வேண்டும். எதிரணி உங்களைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கும். கபடியில் ரெய்டரை அமுக்குகிற மாதிரி, ஆனால் ஓடுகிற ஓட்டத்தில். பெரிய வடிவத்தில் ஒரு அணிக்கு 15 பேர், 80 நிமிடம். செவன்ஸ் என்றால் 7 பேர், பாதிக்கு 7 நிமிடம் வீதம் 14 நிமிடம்தான். ஆனால் மைதானம் அதே முழு மைதானம். ஆள் பாதிக்கும் குறைவு, இடம் அதேதான். அதனால் செவன்ஸில் வேகம்தான் ராஜா.

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் செவன்ஸ் வடிவத்தில்தான் நடந்தது. கோப்பையைத் தூக்கியது சென்னை புல்ஸ். அதுக்கப்புறம் ரக்பி பற்றிக் கேட்கிற பையன்கள் என்னிடமே நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது "எவ்வளவு எடை ஏத்தணும் சார்?" என்றுதான். எவ்வளவு வேகம் வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எடை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த உந்தம் ஞாபகம் இருக்கா? நிறை பெருக்கல் திசைவேகம். ரக்பியில் மோதும்போது வேலை செய்வது அதுதான்.

நியூசிலாந்தின் ஜோனா லோமுவை எடுத்துக்கலாம். உயரம் 1.96 மீட்டர், எடை 120 கிலோவுக்குப் பக்கத்தில். அவர் ஆடிய இடம் விங், அதாவது ஓரத்தில் நின்று வேகத்தால் பிழைக்கிறவர்கள் இடம். 1995 உலகக் கோப்பை அரையிறுதி, கேப் டவுன், எதிரில் இங்கிலாந்து. அந்த ஒரு மேட்சில் நான்கு ட்ரை அடித்தார். முதல் ட்ரையில் மைக் கேட் என்கிற வீரரைச் சுற்றிப் போகவில்லை, அவர் மேலேயே ஏறிப் போனார். யூடியூபில் இருக்கு, பாருங்க.

ஒரு சின்ன கணக்கு. 120 கிலோ ஆள் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே உந்தத்தை 80 கிலோ ஆள் கொண்டுவர நொடிக்கு 13.5 மீட்டர் ஓடணும். 2009ல் பெர்லினில் 9.58 நொடியில் உலக சாதனை படைத்தபோது உசேன் போல்ட் தொட்ட உச்ச வேகமே நொடிக்கு 12 மீட்டரும் கொஞ்சமும்தான். அதனால்தான் லோமுவை நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

டாக்டராக ஒரு இடைச்செருகல். அவருக்குச் சிறுநீரகத்தில் புரதம் கசியும் நோய் இருந்தது. நெப்ராட்டிக் சிண்ட்ரோம் என்போம். உலகமே அந்தக் கால்களைப் பார்த்து மிரண்ட காலத்தில் உள்ளே சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. 2004ல் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். 2015 நவம்பரில், 40 வயதில் இறந்துபோனார். வெளியே தெரியும் உடம்பை மட்டும் பார்த்து யாரையும் ஆரோக்கியமானவர் என்று நாங்கள் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். லோமுவைப் பார்த்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம் "பெரிசா இரு" என்பது. அவர் பெரிசாக இருந்ததால் மட்டும் ஜெயிக்கவில்லை. அந்த எடையிலும் விங்கர் வேகத்தில் ஓடினார் என்பதுதான் அதிசயம். 120 கிலோ ஆட்கள் ஒவ்வொரு ரக்பி அணியிலும் நாலைந்து பேர் இருக்காங்க. அவர்களை யாரும் லோமு என்று சொல்வதில்லை.

மறுபக்கம் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பே. உயரம் 1.72 மீட்டர்தான். நம்ம ஊர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றால் கவனிக்கவே மாட்டீர்கள். 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், யோகோஹாமா. மீண்டும் எதிரில் இங்கிலாந்து. கடைசிக் கட்டத்தில் பந்தை வாங்கி, இங்கிலாந்து கேப்டன் ஓவன் ஃபாரெல்லை ஒரு அசைப்பில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். 32-12 என்று முடிந்தது. கோல்பே ஒன்றும் மோதி ஜெயிக்கவில்லை, பிடிபடாமல் போய் ஜெயித்தார்.

"அப்ப வேகமா ஓடுறவனைக் கொண்டுவந்து ரக்பி ஆட விட்டா போதுமா?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ் அப்படி வந்தவர்தான். 100 மீட்டரை 10.13 நொடியில் ஓடியவர். 2012ல் ரக்பிக்கு மாறினார். செவன்ஸில் அவர் பந்தோடு வெட்டவெளிக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் பந்து எப்போது கிடைக்கும், எங்கே நிற்கணும், எப்படிப் பிடித்துச் சாய்க்கணும் என்பதையெல்லாம் அவர் வருஷக்கணக்கில் கற்க வேண்டியிருந்தது. வேகம் மட்டும் போதாது. ஒத்துக்கறேன். ஆனால் ஆட்டத்தைப் பின்னால் கற்றுக்கொள்ள முடிந்தது. வேகமே இல்லாமல் வந்திருந்தால் அந்த வாய்ப்பே அவருக்குக் கிடைத்திருக்காது.

இப்ப உடம்புக்குள்ளே போவோம். வேகம் எங்கிருந்து வருது?

நம்மில் பலர் காலை வேகமாக ஆட்டினால் வேகம் வரும் என்று நினைக்கிறோம். "காலை எடு, காலை எடு" என்று கத்தும் கோச்சுகளைப் பார்த்திருப்பீர்கள். 2000ல் பீட்டர் வெயாண்ட் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மெதுவாக ஓடுகிறவர், மிக வேகமாக ஓடுகிறவர் என்று பலரை ஓட விட்டு அளந்தார்கள். அவரவர் உச்ச வேகத்தில், காலைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவர ஆகும் நேரம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருந்தது! வித்தியாசம் எங்கே இருந்தது என்றால், தரையை எவ்வளவு பலமாக அழுத்துகிறார்கள் என்பதில். வேகமானவர்கள் காற்றில் காலை ஆட்டி ஜெயிக்கவில்லை, தரையை அடித்து ஜெயித்தார்கள்.

அந்த அடிக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? முழு வேகத்தில் பாதம் தரையில் இருப்பது நொடியின் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் உடம்பு எடையைப் போல் சில மடங்கு விசையைத் தரைக்குள் இறக்கணும். இதற்குத் தசை பருமனாக இருந்தால் மட்டும் போதாது. மூளையிலிருந்து நரம்பு வழியாக வரும் கட்டளை சரியான நொடியில், சரியான தசைக்கு, ஒரே கொத்தாக வந்து சேரணும். ஜிம்மில் இரண்டு நொடி எடுத்து மெதுவாக எழுப்பும் பஸ்கிக்கும் இதுக்கும் உறவு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

வேகத்தைக் கணினியில் ஏற்றும் ப்ரோகிராம் மாதிரி நினைச்சுக்கலாம். எந்த வேகத்தில் பழகுகிறோமோ அந்த வேகத்துக்கான ப்ரோகிராம்தான் பதியும். களைத்துப் போன காலோடு பத்து தடவை 100 மீட்டர் ஓடும்போது ஐந்தாவது தடவையிலேயே வேகம் குறைந்திருக்கும், தரையில் பாதம் நிற்கும் நேரம் கூடியிருக்கும், இடுப்பு தொய்ந்திருக்கும். மிச்சம் ஐந்து தடவையும் மூளை எதைப் பயில்கிறது? மெதுவாக ஓடுவது எப்படி என்பதை!

எரிபொருள் கணக்கும் அதையே சொல்லுது. முதல் சில நொடி முழு வேகத்துக்கு உடம்பு பயன்படுத்துவது தசையில் தயாராக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட். சின்ன டேங்க். சட்டென்று காலியாகும். கிட்டத்தட்ட முழுசாக நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். திரும்பி வந்ததும் அடுத்த விசில் என்றால் பாதி டேங்கோடுதான் கிளம்புகிறான். அது நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நல்ல பயிற்சிதான். ரக்பிக்கு அதுவும் வேணும். ஆனால் அதை ஸ்பிரின்ட் என்று சொல்லாதீங்க.

"வேகம் பிறவியிலேயே வரணும் டாக்டர், பயிற்சியில வராது" என்பார்கள். பாதி உண்மை. வேக இழை, மெது இழை என்று தசையில் இருக்கும் கலவை பெரும்பாலும் அப்பா அம்மா கொடுத்தது. உச்ச வேகத்துக்கு ஒரு கூரை இருக்கு. சர்வதேச ரக்பி வீரர்களை வைத்து 2014ல் வெளியான ஒரு ஆய்வில், சீனியர்களுக்கும் ஜூனியர்களுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எடையிலும் உந்தத்திலும்தான் வித்தியாசம். இதை நான் படிக்கும் விதம் இது. எடையைப் பின்னால் ஏற்றிக்கொள்ள முடியுது. வேகத்தைப் பின்னால் ஏற்றுவது கஷ்டம். அப்படியானால் 14, 15 வயதிலிருந்து 19 வயது வரை பையன்களுக்கு நாம் எதைச் சொல்லிக்கொடுக்கணும்? நாம் என்ன செய்கிறோம்? அந்த வயதில் ரவுண்டு ஓட விட்டுவிட்டு, காலேஜ் வந்ததும் ஜிம்முக்கு அனுப்புகிறோம்.

இனி காயத்துக்கு வருவோம். இதுதான் என் தொழில்.

தொடையின் பின்பக்கத் தசைக்கு ஹாம்ஸ்ட்ரிங் என்று பேர். முழு வேக ஓட்டத்தில் கால் முன்னால் வீசி வரும். பாதம் தரையைத் தொடும் முன், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி ஊஞ்சல் மாதிரி முன்னால் பறக்கும். அதைப் பிரேக் போட்டு நிறுத்துவது இந்த ஹாம்ஸ்ட்ரிங்தான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கணும். சுருங்கி இழுப்பதைவிட நீண்டுகொண்டே இழுப்பது தசைக்குக் கடினமான வேலை. மாடு முன்னால் இழுக்க, நீங்க கயிற்றைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டே நிறுத்தப் பார்ப்பது மாதிரி.

இந்தச் சுமை வேகத்தோடு ஒரே சீராக ஏறாது. 80 சதவீத வேகம் வரை படிக்கட்டு. அதற்கு மேல் சுவர். 80க்கும் 100க்கும் நடுவில் ஹாம்ஸ்ட்ரிங் செய்ய வேண்டிய பிரேக் வேலை மடமடவென்று ஏறிவிடும். இதில்தான் சூட்சுமம் இருக்கு. வாரம் முழுக்க 70, 80 சதவீதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அந்தத் தசை 100 சதவீதத்தைப் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை மேட்சில் முதல் முறையாகப் பார்க்கும். பின்னால் எவனாவது கல்லால் அடித்த மாதிரி இருந்தது என்பான் பையன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் வாக்கியம் அது.

இங்கிலாந்தின் தொழில்முறை ரக்பி கிளப்புகளில் இரண்டு சீசன் பின்தொடர்ந்து 2006ல் ஒரு ஆய்வு வெளியானது. ஹாம்ஸ்ட்ரிங் காயம் பயிற்சியில் 1000 மணி நேரத்துக்கு 0.27. மேட்சில் 1000 மணி நேரத்துக்கு 5.6. ஏறக்குறைய இருபது மடங்கு! மேட்சில் மோதல் இருக்கு, பதற்றம் இருக்கு, வாஸ்தவம். ஆனால் அந்தக் காயங்களில் 68 சதவீதம் ஓடும்போது வந்தவை. மோதி வந்தவை இல்லை. இன்னொரு எண்ணும் முக்கியம். புதுக் காயம் சராசரியாக 14 நாள் உட்கார வைத்தது. திரும்ப வந்த காயம் 25 நாள். மொத்தத்தில் நாலில் ஒன்று, சரியாகச் சொன்னால் 23 சதவீதம், திரும்ப வந்த காயம்.

இப்ப என் பங்கு. அந்தப் பையன் முதல் முறை வந்தபோது ஐஸ், வலி மாத்திரை, மூன்று வாரம் ஓய்வு, "வலி போனதும் ஆடலாம்" என்று எழுதிக்கொடுத்தது நான்தான். வலி பத்தே நாளில் போயிருந்தது. மூன்று வாரம் கழித்து நேராக மேட்சுக்குப் போனான். அடுத்த மாசமே திரும்ப வந்தான். இரண்டாவது முறையும் நான் அதேதான் எழுதினேன், வாரத்தை மட்டும் நாலாக்கினேன். ஓய்வில் தசை ஆறும். ஆனால் ஓய்வில் தசை பலவீனமாகவும் ஆகும். அவனை 100 சதவீதத்துக்குத் தயார் செய்யாமல் 100 சதவீதத்துக்கு அனுப்பியது அவன் கோச் மட்டும் இல்லை. ஓபியில் வெளியே முப்பது பேர் காத்திருந்தாங்க என்பது உண்மை. அது சமாதானம் ஆகாது.

மூன்றாவது முறை உட்கார வைத்துப் பேசினேன். ஸ்கேனில் தசையில் பாதிக் கிழிசல். அப்பா கேட்ட ஊசியைப் போட மறுத்தேன். வலியை மட்டும் மறைத்து இந்தக் காலோடு ஓட விட்டால் பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகலாம். செலக்‌ஷனுக்குப் போக முடியாது என்றேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை கிடைக்கும்னு இருக்கோம் டாக்டர். இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் வயசு தாண்டிடும் ஒரு பிரிவுல" என்றார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் மாட்டேன் என்றேன்.

பிறகு செய்தது இதுதான். முதல் கட்டம் ஓய்வு இல்லை, வலியில்லாத அளவு அசைவு. அப்புறம் நார்டிக் பயிற்சி. மண்டியிட்டு உட்காரணும், பின்னால் ஒருத்தர் இரண்டு கணுக்காலையும் அமுக்கிப் பிடிக்கணும். உடம்பை முழங்காலிலிருந்து தலை வரை நேராக வைத்து, மெதுவாக முன்னால் சாயணும். விழாமல் எவ்வளவு தூரம் தாங்குகிறோமோ அவ்வளவு. முதல் வாரம் தொடை பயங்கரமாக வலிக்கும், குறைவாக ஆரம்பிக்கணும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு பாயும் ஒரு நண்பனும் போதும்.

இவ்வளவு எளிதான விஷயத்துக்கு ஆதாரம் இருக்கா? 2011ல் டென்மார்க்கில் கால்பந்து வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். நார்டிக் செய்த அணிகளில் 15 ஹாம்ஸ்ட்ரிங் காயம், செய்யாத அணிகளில் 52. 2019ல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தபோதும் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது தெரிந்தது. மேலே சொன்ன இங்கிலாந்து ரக்பி ஆய்விலும் நார்டிக் செய்தவர்களுக்குக் காயம் குறைவு. மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் விஷயங்கள் அதிகம் கிடையாது. எத்தனை கல்லூரி அணிகளில் இதைச் செய்றாங்க? நான் கேட்ட ஏழெட்டு பையன்களில் ஒருத்தனுக்கும் பேரே தெரியவில்லை.

அடுத்த கட்டம்தான் எல்லோரும் பயப்படும் கட்டம். முழு வேக ஓட்டம். படிப்படியாக 60, 70, 80, 90, கடைசியில் 100. பயிற்சியிலேயே பல முறை முழு வேகத்தை வலியில்லாமல் தொட்ட பிறகுதான் மேட்ச்.

"முழு வேகத்துல ஓடினாத்தானே கிழியுது, அதையே மருந்தா சொல்றீங்களே?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. தடுப்பூசி மாதிரி என்றேன். அயர்லாந்தின் கேலிக் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2017ல் வெளியானது. தன் உச்ச வேகத்தில் 95 சதவீதத்துக்கு மேல் பயிற்சியில் அளவாகத் தொட்டுவந்தவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. அரிதாகத் தொட்டவர்களுக்கும் அதிகம், மிக அதிகமாகத் தொட்டவர்களுக்கும் அதிகம். உப்பு மாதிரி.

அளவு எவ்வளவு? நான் சொல்வது இது. வாரத்தில் இரண்டு நாள். நன்றாக வார்ம் அப் செய்த உடனே, மற்ற எல்லாப் பயிற்சிக்கும் முன்னால். 10, 20 மீட்டர் ஓட்டம் ஐந்தாறு. அப்புறம் 20 மீட்டர் மெல்ல வேகமெடுத்து அடுத்த 20 மீட்டர் முழு வேகம், மூன்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு, மூன்று நிமிடம் சும்மா நடக்கணும். நேரம் குறித்துக்கொள்ளணும். நேரம் மோசமாக ஆரம்பித்தால் அன்றைக்குக் கடை மூடியாச்சு. மொத்தமே 200, 300 மீட்டர்தான் ஓடியிருப்பான். வியர்வைகூடச் சரியாக வராது. அதுதான் பிரச்சினை. வியர்வை வராத பயிற்சியைப் பயிற்சியென்று நம்ப நம்ம ஊரில் யாருக்கும் மனசு வருவதில்லை.

டயரைக் கயிற்றில் கட்டி இழுப்பதைப் பற்றிக் கேட்பார்கள். நல்லதுதான். ரக்பியில் பெரும்பாலான ஓட்டம் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். உடம்பை முன்னால் சாய்த்துத் தரையைப் பின்னால் தள்ளும் முதல் சில அடிகளுக்கு டயர் உதவும். ஆனால் அது உச்ச வேகத்துக்கு மாற்று ஆகாது.

ஃபிஜியைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செவன்ஸ் வந்தது. ஃபிஜி இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். அந்த அணி சிகடோகா மணல்மேடுகளில் மூச்சு முட்ட ஏறி ஏறி இறங்கியது. "பாருங்க, களைப்புப் பயிற்சிதானே ஜெயிச்சுது!" என்பார்கள். மணலில் பாதம் புதையும், தரையில் நிற்கும் நேரம் கூடும். அது தெம்புக்கான பயிற்சி. தொடர்ந்து பல மேட்ச் ஆடும்போது கடைசி மேட்சிலும் கால் ஓட அது வேணும். ஆனால் அந்தப் பையன்களுக்கு வேகத்தை மணல்மேடு கொடுக்கவில்லை. சின்ன வயசிலிருந்து ஊர்த் திடலில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் ஏமாற்றி ஓடி, நின்று, மறுபடி ஓடி வளர்ந்தவர்கள் அவர்கள். நம்ம ஊரில் ஓடிப்பிடித்து விளையாடுவதும் இதுதான். அதை நிறுத்திவிட்டு ரவுண்டு விடுகிறோம்.

கோச்சுகளைத் திட்ட இதை எழுதவில்லை. அந்தப் பையனின் கோச்சிடம் போனில் பேசினேன். மரியாதையாகப் பேசினார். "டாக்டர், முப்பது பசங்க, நான் ஒருத்தன், ஒரு மணி நேரம், அதுக்குள்ள கிரவுண்டைக் கிரிக்கெட்காரங்களுக்கு விடணும். ஆளுக்கு மூணு நிமிஷம் ரெஸ்ட் கொடுத்து ஓட விட்டா மத்தவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். ரவுண்டு ஓட விடுவதில் ஒரு வசதி இருக்கு. முப்பது பேரையும் ஒரே விசிலில் வேலை வாங்கலாம். பார்க்கிற பிரின்சிபாலுக்கும் பயிற்சி நடப்பது தெரியும். நான் சொன்னது இதுதான்: ஆறு பேராகப் பிரிங்க. ஒரு குழு ஓடட்டும், மற்றவர்கள் நடந்து திரும்பட்டும், பாஸ் பழகட்டும். சுற்று வரும்போது மூன்று நிமிடம் தானாகவே ஆகியிருக்கும். "பார்க்கலாம் டாக்டர்" என்றார். அந்தத் தொனி எனக்குத் தெரியும். நானும் என் நோயாளிகளிடம் அதையேதான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு 45 வயது அண்ணன்கள் யாரும் நாளைக் காலை பீச்சில் முழு வேகத்தில் ஓடிவிடாதீங்க. பத்து வருஷமாக ஓடாத கால், கவனிக்காத ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்க. படி ஏறும்போது நெஞ்சை அடைத்தால் ஓட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அந்தப் பையன் செலக்‌ஷனுக்குப் போகவில்லை. அந்தப் பிரிவில் அவனுக்கு அதுதான் கடைசி வருஷம். மூத்தோர் அணிக்குத்தான் இனி முயற்சி பண்ணணும், அது இன்னும் கஷ்டம்.

போன வாரம் வந்தான். தனியாகத்தான் வந்தான், அப்பாவுக்குச் சவாரி. போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். தங்கை விசில் ஊத, கார்ப்பரேஷன் மைதானத்தில் செங்கல் வைத்து அளந்த 30 மீட்டர். இரண்டு மாசத்துக்கு முன் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஓடி முடித்ததும் தொடையைப் பிடிக்காமல் திரும்பி நடந்து வந்தது.

"கிரவுண்டுல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் ஸ்பிரின்ட் முதல்ல வைக்கிறார் சார். மத்த நாள் ரவுண்டுதான். லேட்டா வந்தா அஞ்சு ரவுண்டு இன்னும் இருக்கு."

"நீ லேட்டா போறியா?"

சிரித்தான். "பஸ் லேட் சார்."

பிசியோதெரபி சீட்டில் அடுத்த ஆறு வாரத்துக்கு நார்டிக் எழுதிக்கொடுத்தேன். கீழே கோச்சுக்கும் ஒரு வரி எழுதியிருக்கேன், இவனுக்கு மட்டும் வியாழக்கிழமையும் ஸ்பிரின்ட் முதலில் வைக்க முடியுமா என்று.